பட்டிருக்கலாம்

மார்ச் 3, திங்கள்

காலையில் பல் மருத்துவமனை லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு நோயாளி, வாய் நிறையப் பஞ்சு. கதவை நெம்பித் திறந்து அவரை வெளியே இழுத்ததும் என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். பஞ்சு இருந்ததால் திட்டா நன்றியா என்று புரியவில்லை. நன்றி என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்ளாதவன் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி நடத்த முடியாது.

மாலையில் மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன், பெயின்ட் வியாபாரி, வாய் மூடத் தெரியாதவர். இன்று வந்து சோபாவில் சும்மா உட்கார்ந்திருந்தார். கண் டாக்டர் கையை விரித்துவிட்டாராம். இடது கண்ணில் ஓரப் பார்வை குறைந்துகொண்டு வருகிறது. சொட்டு மருந்து விட்டால் இருக்கிற இடத்தில் நிற்கும், போனது திரும்பாது. விமானம் ஓட்டுவதற்கான மருத்துவச் சான்று இனிமேல் கிடையாது.

மற்ற குடும்பங்களில் மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து மனை வாங்குவார்கள், கடை போடுவார்கள். நாங்கள் விமானம் வாங்கினோம். நான்கு இருக்கை, ஒரே என்ஜின், யாரோ ஓட்டிச் சலித்துப்போய் விற்றது. பாதி அவருடையது, பாதி என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் ஓட்ட, மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வோம். எனக்கு அதைவிட்டால் வேறு பொழுதுபோக்கு கிடையாது. வேறு சிநேகிதரும் கிடையாது என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

"என் பாதியை நீ எடுத்துக்க மாப்பிள்ளை. ஆனா முறையா ஒரு மதிப்பீட்டாளரை வெச்சு விலை போட்டுடுவோம். நாளைக்கு நீ என்னை ஏமாத்திட்டேன்னு நானும், நான் உன்னை ஏமாத்திட்டேன்னு நீயும் சொல்லிட்டுத் திரியக் கூடாது" என்றார்.

சரி என்றேன். வருத்தமாக இருந்தது. விமானம் முழுதும் என் கைக்கு வருகிறதே என்று உள்ளுக்குள் ஒரு துள்ளலும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன, ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை.

மார்ச் 5, புதன்

மச்சான் மூன்று மதிப்பீட்டாளர்களிடம் பேசி, இருப்பதிலேயே அதிகக் கட்டணம் கேட்டவரைப் பிடித்திருக்கிறார். போனில் அவர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லையாம். அதுதான் தகுதி.

மார்ச் 9, ஞாயிறு

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சந்தையில் இதேபோன்ற விமானங்கள் போகிற விலையில் பாதியை என்னால் புரட்ட முடியாது. கம்பெனியை அடமானம் வைத்தால் முடியும். ஆனால் மனைவி என்னை அடமானம் வைத்துவிடுவாள். நான் வாங்கவில்லையென்றால் மச்சான் விற்றுத்தான் ஆக வேண்டும். ஏஜெண்ட் ஒருவர் விமானப் பயிற்சிப் பள்ளிக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எங்கள் விமானத்தைத் தரையில் குத்திக் குத்திப் பழகுவதை நான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே விலை குறைவாக வர வேண்டும். இது பேராசை இல்லை. நியாயமான ஆசை. மதிப்பு என்பது ஒருவர் சொல்வதுதானே? கொஞ்சம் குறைத்துச் சொன்னால் என்ன குடி முழுகிவிடும்?

காலையில் விமானம் நிற்கும் கொட்டகைக்குப் போனால் மச்சான் ஏணி போட்டு ஏறி இறக்கையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கடையிலிருந்து மெருகுப் பசை, மெல்லிய துணி, சின்ன பிரஷ் எல்லாம் கொண்டுவந்திருக்கிறார். வருகிறவர் பார்த்ததும் அசந்துவிட வேண்டுமாம். விற்கிறவர் துடைப்பது இயல்பு. வாங்குகிறவன் நான் ஏன் துடைக்க வேண்டும்? முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவர் என் பாதியையும் சேர்த்துத் துடைத்தார்.

மார்ச் 14, வெள்ளி

மதிப்பீட்டாளரிடமிருந்து மின்னஞ்சல். நாளை வருகிறார். நியாயமான சந்தை மதிப்பு என்றால் என்ன என்று விளக்கம் அனுப்பியிருக்கிறார்: விற்க மனமுள்ள ஒருவரும் வாங்க மனமுள்ள ஒருவரும், எந்தக் கட்டாயமும் இல்லாமல், எல்லா விவரமும் இருவருக்கும் தெரிந்த நிலையில் ஒத்துக்கொள்ளும் விலை.

படித்துவிட்டுச் சிரித்தேன். விற்கிறவருக்கு மனமில்லை, கண் விற்க வைக்கிறது. வாங்குகிறவனுக்கு மனமிருக்கிறது, காசில்லை. கட்டாயம் இருவருக்கும் உண்டு. விவரம் மட்டும் இருவருக்கும் தெரியும், ஏனென்றால் இருவரும் ஒரே வண்டியில்தான் போயிருக்கிறோம். மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "இந்த விளக்கத்துல வர்ற மாதிரி ரெண்டு பேர் உலகத்துல எங்க இருக்காங்க?" என்றாள். அதுதான் நானும் நினைத்தேன்.

மார்ச் 15, சனி

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். நாளைக்கு எனக்கே வேறு மாதிரி ஞாபகம் வரும்.

மதிப்பீட்டாளர் வந்தார். ஒல்லி, சாம்பல் நிறச் சட்டை, கையில் டார்ச். உண்மையாகவே சிரிக்கவில்லை. விமானத்தை மூன்று தடவை சுற்றி வந்தார். சக்கரத்துக்கு அடியில் படுத்துப் பார்த்தார். தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வைத்திருந்தார். விமானத்தின் உடம்பில் வைத்து அழுத்தினால் பெயின்ட் எவ்வளவு தடிமன் என்று காட்டுமாம். எங்காவது ஒட்டுப்போட்டுப் பூசியிருந்தால் அங்கே தடிமன் கூடும், கள்ளம் வெளிப்பட்டுவிடும். மச்சானுக்குக் கொண்டாட்டம். இத்தனை வருஷம் பெயின்ட் விற்றிருக்கிறார், இப்படி ஒரு கருவியைப் பார்த்ததில்லை. வாங்கித் தன் கார், கொட்டகைக் கதவு, தீயணைக்கும் சிலிண்டர் எல்லாவற்றின் மேலும் வைத்துப் பார்த்தார். என் நெற்றியில் வைக்க வந்தபோது மதிப்பீட்டாளர் வாங்கிக்கொண்டார்.

பிறகு கேள்விகள். விபத்து, மோதல், கடினமான இறக்கம் ஏதாவது உண்டா? மச்சான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு கீறல் கிடையாது என்றார். அப்போது கடையிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார்.

நானும் மதிப்பீட்டாளரும் மட்டும் நின்றோம். போன வாரம் படித்தது மண்டைக்குள் ஓடியது: ப்ரொப்பெல்லர் எதிலாவது பட்டிருந்தால், பிறகு சரிசெய்திருந்தாலும்கூட, விமானத்தின் விலை இறங்கும். வாய் தானாகத் திறந்தது.

"புல்லுல… பட்டிருக்கலாம்" என்றேன்.

பேனா நின்றது. "எப்போ?"

இதற்கு நான் தயாராக வரவில்லை. பொய் சொல்கிறவன் தேதியோடு வர வேண்டும் என்பது முன்பே தெரிந்திருந்தால் நான் பொய்யே சொல்லியிருக்க மாட்டேன். சட்டென்று ஞாபகம் வந்தது போன அக்டோபரில் ஒரு புல்தரை ஓடுதளத்தில் இறங்கியதுதான். அன்று விமானம் தொம்மென்று விழுந்தது, என் பற்கள் கடகடவென்று ஆடின. அதைச் சொன்னேன். அவர் பறப்புப் பதிவைப் புரட்டினார். அந்த நாளுக்கு நேராக, ஓட்டியவர்: மச்சான்.

நான் யார் ஓட்டியது என்றே யோசிக்கவில்லை. தொம்மென்று விழுந்த இறக்கங்களில் அது மட்டும் ஏன் ஞாபகத்தில் இருந்தது? ஏனென்றால் அதைப் போட்டவர் மச்சான். என்னுடையவை எனக்கு ஞாபகத்தில் நிற்பதில்லை.

அங்கேயே திருத்தியிருக்க வேண்டும். "இல்லை சார், எனக்குத் தப்பாக ஞாபகம்" என்று ஒரு வாக்கியம். மச்சான் போனை வைத்துவிட்டு உள்ளே வந்தார். நான் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

நான் 'பட்டது' என்று சொல்லவே இல்லை. 'பட்டிருக்கலாம்' என்றுதான் சொன்னேன். லாம். மழை வரலாம், பஸ் கிடைக்கலாம், பட்டிருக்கலாம். படாமலும் இருந்திருக்கலாம் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. தமிழ் தெரிந்த எவருக்கும் புரியும். ஆகவே நான் சொன்னது பொய் ஆகாது.

இதைக் காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய் ஆகாதது ஒன்றை ஏன் இத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கிறது?

மார்ச் 18, செவ்வாய்

கொட்டகை மெக்கானிக்கம்மா போன் செய்தார். மதிப்பீட்டாளர் குறிப்பு அனுப்பியிருக்கிறார்: 'ப்ரொப்பெல்லர் புல்லில் பட்டது.' அந்த லாம் எங்கே போயிற்று என்று கேட்டேன். "லாமும் கிடையாது, லீமும் கிடையாது சார். பட்டிருக்கலாம்னு உரிமையாளர் சொன்னா பட்டதுன்னுதான் அர்த்தம். என்ஜினைப் பிரிச்சுப் பார்க்காம இனி இது பறக்கக் கூடாது" என்றார்.

ப்ரொப்பெல்லர் நுனியில் ஒரு கோடுகூட இல்லையே என்றேன். தானும் பார்த்துவிட்டதாகவும், புல்லில் பட்டால் தடம் இருக்காது, உள்ளே தண்டு முறுக்கிக்கொண்டிருக்கும் என்றும் சொன்னார். நல்லவேளை உண்மையைச் சொன்னீர்கள், நிறையப் பேர் மறைத்துவிடுவார்கள் என்று பாராட்டும் சேர்ந்து வந்தது.

ஓட்டியவரிடமும் கேட்க வேண்டியது முறையாம். மச்சானுக்குப் போன் செய்து சொல்லிவிட்டாராம்.

மார்ச் 19, புதன்

மச்சான் வந்தார். எப்போதும் உள்ளே நுழையும்போதே சமையலறையைப் பார்த்து ஏதாவது கத்துவார். இன்று செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"எனக்குத் தெரியவே இல்லை மாப்பிள்ளை. பட்டது எனக்குத் தெரியவே இல்லை. அப்பவே கண்ணு போயிருந்திருக்கு."

இப்போது சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒருவன் அடித்துக்கொண்டான். நான் தரையைப் பார்த்தேன். அவர் கேட்டார், "நீ பக்கத்துலதானே இருந்தே. ஏன் என்கிட்ட சொல்லலை?"

நான் சொன்னது: "உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் மச்சான்."

அடப்பாவி. அதை எங்கிருந்து எடுத்தேன்? ஒத்திகை பார்த்தவன் மாதிரி வந்து விழுந்தது. அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "நீங்க இல்லேன்னா அடுத்த தடவை நான் யாரையாவது கொன்னிருப்பேன்" என்றார்.

நீங்க. கல்யாண மேடையில் நான் மாலையோடு நின்றபோதுகூட என்னை 'நீ' என்றவர். எல்லாரும் முறைத்தும் மாற்றிக்கொள்ளாதவர். இன்று 'நீங்க' என்கிறார்.

மார்ச் 23, ஞாயிறு

என்ஜினைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். முன்பக்கம் ஓட்டையாக, பல் பிடுங்கிய வாய்போல விமானம் நிற்கிறது. பட்டறைச் செலவில் பாதி என்னுடையது என்று நான் ஆரம்பித்ததுமே மச்சான் கையை உயர்த்திவிட்டார். தப்பு தன்னுடையது, செலவும் தன்னுடையது, இதில் பேச்சு வேண்டாம் என்றார். கொஞ்சம் மறுத்துப் பார்த்தேன். கொஞ்சம்தான்.

வீட்டில் என் மரியாதை எங்கேயோ போய்விட்டது. மேலே. மனைவி ராத்திரி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க அண்ணன் மானத்தை இத்தனை மாசம் மனசுக்குள்ளயே வெச்சுக் காப்பாத்தியிருக்கீங்க. நான்கூட உங்களை வேற மாதிரி நினைச்சிருந்தேன்" என்றாள். எந்த மாதிரி என்று கேட்கவில்லை. அந்த மாதிரிதான் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 29, சனி

மதிப்பீட்டாளரின் அறிக்கை வந்துவிட்டது. என்ஜின் நிலை தெரியாத, அடிபட்ட வரலாறுள்ள விமானம். விலை நான் ஆசைப்பட்டதற்கும் கீழே. அழகான தாள், முத்திரை, கையெழுத்து. சுலபமாக வாங்கிவிடலாம்.

எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். அவர் உறையைப் பிரிக்கவே இல்லை. தன் பாதிக்கு விலையே கிடையாது, சும்மா எடுத்துக்கொள்ளச் சொன்னார். காசு வாங்கினால் தனக்குத் தூக்கம் வராதாம்.

கேட்டதைவிட அதிகமாகக் கிடைத்தால் அதற்கு என்ன பெயர்? அதிர்ஷ்டம் என்பார்கள். சாப்பிட்ட எதுவும் இறங்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

மச்சான் கார் சாவியைத் தன் மனைவியிடம் கொடுத்துவிட்டாராம். சாலையில் ஓட்டுவதற்கு டாக்டர் தடை எதுவும் சொல்லவில்லை. இவராகவே கொடுத்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

பெயின்ட் கடைக்குப் போனேன். மச்சான் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். வாடிக்கையாளர் ஒருவர் பழைய சுவரிலிருந்து உரித்த பெயின்ட் துணுக்கைக் காட்டி இதே நிறம் வேண்டும் என்றார். இந்த வேலையில் மச்சானை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. வெளிச்சத்தில் ஒரு தடவை பார்ப்பார், எதில் எத்தனை சொட்டு என்று சொல்வார், காய்ந்த பிறகு பார்த்தால் ஒட்டுத் தெரியாது. இன்று துணுக்கைக் கையில் வாங்கினார், பார்த்தார், கடைப் பையனிடம் கொடுத்துவிட்டார். மெஷினில் வைத்துப் பார்க்கச் சொன்னார். "என் கண்ணை நம்பிப் பிரயோஜனம் இல்லை சார்."

ஓரப் பார்வைக்கும் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றேன். தலையாட்டினார். அப்புறம் மெதுவாகக் கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். வீட்டு கேட்டில் கார் உரசியது. மாடிப்படியில் கால் இடறியது. கல்யாண வீட்டில் யாரோ கை நீட்டியதைப் பார்க்காமல் போய் அவர்கள் இன்றுவரை பேசாமல் இருப்பது. எல்லாம் தன் கண்ணால்தான் என்று இப்போது புரிகிறதாம். வாழ்க்கையில் நடந்த சின்னச் சின்னக் கோளாறு அத்தனையையும் கூப்பிட்டு அந்த ஒரு அக்டோபர் இறக்கத்தில் கட்டி வைத்திருக்கிறார். இறக்கத்தைக் கட்டியவன் நான்.

கேட்டில் உரசியது என் கார், ஓட்டியவன் நான். அதைக்கூடச் சொல்லவில்லை.

சொல்ல வாயெடுத்தேன். அவர் எனக்கு டீ வரவழைத்தார். "சாப்பிடுங்க மாப்பிள்ளை" என்றார். அந்த 'ங்க'வைக் கேட்டதும் சொல்ல வந்ததை டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

விமானம் என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை மச்சான் ஆள் மூலம் அனுப்பிவிட்டார். மேசையில் கிடக்கிறது. அதன் மேல் லிஃப்ட் உதிரிபாகங்களின் விலைப்பட்டியலை வைத்து மூடினேன்.

ஏப்ரல் 19, சனி

மெக்கானிக்கம்மா கூப்பிட்டார். என்ஜினை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்துவிட்டார்களாம். அடிபட்ட அடையாளம் துளிகூட இல்லை. ஆனால் பிரித்தது பிரித்தாயிற்று, தேய்ந்தது எல்லாவற்றையும் மாற்றிவிடும்படி மச்சான் சொல்லிவிட்டாராம். இப்போது உள்ளே முக்கால்வாசி புதுசு. அடுத்த வாரம் பொருத்திவிடலாம்.

முறைப்படி மதிப்பீட்டாளருக்கும் தகவல் போய், அவரும் திருத்திய மதிப்பை அனுப்பிவிட்டார். அடிபடவில்லை என்று உறுதியாகிவிட்டது, என்ஜினும் புதுப்பித்தாகிவிட்டது. ஆகவே விலை, நான் வாயே திறக்காமல் இருந்திருந்தால் வந்திருக்கக்கூடியதைவிட நிறைய மேலே.

ஒரு பொருளின் விலையைக் குறைப்பதற்காகப் பொய் சொல்லி அதை ஏற்றிக் காட்டியவன் இந்த மதிப்பீட்டுத் தொழில் தொடங்கிய நாளிலிருந்து நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அறிக்கையின் கடைசியில் 'உரிமையாளரின் நேர்மையான தகவலுக்கு நன்றி' என்று வேறு போட்டிருக்கிறார். சிரிக்காத மனுஷன், கிண்டலாக இருக்காது.

மச்சானுக்கு மெக்கானிக்கம்மா சொல்லவில்லையா என்று கேட்டேன். சொன்னாராம். என்ஜினுக்குள் அடையாளம் இல்லாதது தன் அதிர்ஷ்டம், பட்டது பட்டதுதான், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை பார்த்திருக்கிறார் என்றாராம். இயந்திரத்தைவிட என்னை நம்புகிறார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கடைக்குப் பின்னால் இருக்கிற குடோனில். இரண்டு பக்கமும் பெயின்ட் டின்கள் கூரைவரை. உட்கார இடமில்லை. நின்றுகொண்டே சொன்னேன். மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனது எதுவும் வரவில்லை. "படலை மச்சான்" என்று கடைசியிலிருந்து ஆரம்பித்துவிட்டேன்.

"என்ன படலை?"

"ப்ரொப்பெல்லர். புல்லுல படவே இல்லை. விலை குறையட்டும்னு நான்தான் சொன்னேன். அது நீங்க ஓட்டின நாள்னு எனக்கு அப்போ தெரியாது. தெரிஞ்ச பிறகும் வாயை மூடிட்டு இருந்தேன்."

அவர் என்னைப் பார்க்கத் தலையை இடதுபக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டார். இப்போதெல்லாம் அப்படித்தான் பார்க்கிறார். அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மறுபடி சொல்லு" என்றார்.

"படலை."

"டேய், ஒழுங்கா சொல்லு. எல்லாத்தையும்."

முழுவதையும் திரும்பச் சொன்னேன். மூன்றாவது தடவையும் சொல்ல வைத்தார். அந்தத் தடவை கேட்டில் காரை உரசியதையும் சேர்த்துவிட்டேன். கேட்கக் கேட்க அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. ஒரு டின்னின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, எனக்கில்லை, தனக்கே சொல்வதுபோலச் சொன்னார்: "அப்போ அன்னைக்கு நான் நல்லாத்தான் இறக்கியிருக்கேன்."

அவ்வளவுதான் அவர் கேட்டது. நான் ஏமாற்றியது, அவர் கட்டிய பட்டறைச் செலவு, சும்மா எழுதிக்கொடுத்த பாதி, ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை என்றுதான் நினைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. குடோனில் பெயின்ட் நெடி அதிகம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவரும் அதே காரணத்தைச் சொல்லித் துடைத்துக்கொண்டார்.

குடோன் வாசலுக்கு வந்ததும் மச்சானுக்குள் இருந்த வியாபாரி திரும்பி வந்தார். எழுதிக்கொடுத்த தாளைக் கிழித்துவிட வேண்டும். தன் பாதிக்குப் புது மதிப்பீட்டு விலை, ஒரு காசு குறையாது. பட்டறைச் செலவு முழுதும் என் தலையில்.

"மச்சான், என்னால முடியாது, அதனாலதானே இத்தனையும்" என்றேன்.

"முடியலேன்னு என்கிட்ட வந்து கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேன்டா. நீ கேக்கலையே. மதிப்பீட்டாளர்கிட்டதானே கேட்டே. அவர் போட்ட விலையையே குடு."

உள்ளே போய் கடைப் பையன் கையிலிருந்த நிறத் துணுக்கைப் பிடுங்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு நடந்தார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மனைவியிடமும் சொன்னேன். கேட்டாள். முழுதாகக் கேட்டுவிட்டு, "எங்க அண்ணன் ஒரு மாசமா ராத்திரி எந்திரிச்சு நடந்துட்டிருந்தார்" என்றாள். பிறகு பேச்சு நின்றுவிட்டது. சாப்பாடு உண்டு, காபி உண்டு, பேச்சு கிடையாது. எனக்குப் பழைய மாதிரி என்று ஒன்று இருந்தது, அந்த இடத்துக்கே திரும்பியிருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்கும் கீழே இறங்கியிருக்கிறேன்.

ஏப்ரல் 23, புதன்

ஏஜெண்டிடம் கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பயிற்சிப் பள்ளி புது விலைக்கே வாங்கத் தயாராம். பாதி எனக்கு வரும், பட்டறைச் செலவை அடைத்துவிடலாம், தலைவலி விட்டது.

முடியாது. போனை வைத்துவிட்டேன்.

மே 4, ஞாயிறு

காரை விற்றுவிட்டேன். கம்பெனி மேல் கடனும் வாங்கியாயிற்று. கையெழுத்துப் போடும்போது மனைவி பக்கத்தில் நின்றாள். "படிச்சுட்டுப் போடுங்க" என்றாள். பன்னிரண்டு நாளில் முதல் வார்த்தை. தேனாக இருந்தது.

கார் வாங்க வந்தவர் எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் வீட்டு கேட்டில் உரசியது, பின்கதவில் அணில் கடித்த ரப்பர், மழைக்காலத்தில் மட்டும் வருகிற ஒரு சத்தம். அவர் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனார். கடைசியில் பாவம் பார்த்து, "போதும் சார், இதுக்கு மேல சொன்னா நான் வாங்கறதா இல்லையான்னே யோசிக்கணும்" என்றார்.

மே 18, ஞாயிறு

விமானம் முழுதும் என் பெயரில். கொட்டகைக்குப் பஸ்ஸில்தான் போக வேண்டும். சொந்தமாக விமானம் வைத்திருந்து, அதை எடுக்கப் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள் நிறையப் பேர் இருக்க மாட்டார்கள்.

கூடவே மச்சான். தனக்கு ஒரு பைசா பங்கு இல்லாத விமானத்தைப் பார்க்க எனக்கு முன்னாலேயே வந்து நிறுத்தத்தில் நிற்கிறார். கார் சாவியை மனைவியிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டார். ஆனாலும் பஸ்ஸில்தான் வருகிறார். பஸ்ஸில்தான் பேச ஆள் கிடைக்கும் என்கிறார்.

இன்று கிடைத்தவர் பக்கத்து இருக்கையில் ஒரு வயதான மனிதர், மடியில் பை. இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் மச்சான் ஆரம்பித்துவிட்டார். நாங்கள் போவது விமானம் ஓட்ட. தான் ஓட்டுவதை விட்டுவிட்டது கண்ணால். கடைசிவரை ஒரு தப்பு செய்ததில்லை. போன அக்டோபரில் ஒரு புல்தரையில் இறக்கியது. என்ஜினையே பிரித்துப் பார்த்தும் ஒரு கீறல் கண்டுபிடிக்க முடியவில்லை. மதிப்பீட்டாளர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"பூ மாதிரி இறக்கினேன் சார். நம்பலேன்னா எங்க மாப்பிள்ளையைக் கேளுங்க. பக்கத்துலதான் இருந்தான்."

பெரியவர் திரும்பி என்னைப் பார்த்தார். மச்சானும் தலையை இடதுபக்கம் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தார். அன்று தொம்மென்று விழுந்ததில் என் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு ரத்தம் வந்தது.

"பூ மாதிரிதான் சார்" என்றேன். "தரையைத் தொட்டதே எனக்குத் தெரியலை."